குரங்கு விரல் நுழையாத பெட்டி

சுங்கை பினாங்
16 மார்ச் 2025

சுபா,

அண்ணன் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும் கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். பட்டறையில் இரும்பின் மேல் சாக்பீஸால் அளவு எழுதுவதோடு சரி, பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அண்ணி போனிலிருந்து அடித்தால் நீ இருக்கும் இடத்துக்கு லைன் இல்லை என்று ஒருத்தி மலாயில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்கிறாள். வேறு வழி இல்லாமல் தபாலுக்கு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பாலிக் புலாவ் பக்கம் ஒரு இரும்புக் கேட்டை இறக்கிவிட்டு வந்த நம் பட்டறைப் பையன் ஹாஃபிஸ், பெட்ரோல் ஸ்டேஷன் ஓரத்தில் உன் மைவி காரைப் பார்த்தானாம். மடியில் லேப்டாப், தலையில் ஈரத்துண்டு. "அண்ணே, அக்கா ஆபீஸ் வேலைய கார்லயே ஒக்காந்து பாக்கறாங்க லா. பாவம்லா, வேர்த்து ஊத்துது" என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருஷம் என் வீட்டில் இருந்தாய். ஒரு நாளாவது நானோ உன் அண்ணியோ முகம் கோணியிருப்போமா? வீட்டுக்காரர் கனி அண்ணனைக் கூப்பிட்டு வீட்டை உனக்கு வாடகைக்கு விட வேண்டாம் என்று சொன்னேன்தான். மறைக்கவில்லை. பின்னால் மலை, முன்னால் துரியான் தோட்டம், கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. எந்த அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருப்பான்? அதற்கு மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதா?

அறை அப்படியே இருக்கிறது. வந்துவிடு.

கோகிலன்


பாலிக் புலாவ்
21 மார்ச் 2025

அண்ணே,

கடிதம் கிடைத்தது. இன்சூரன்ஸ் கிளைம் பார்க்கிற எனக்குப் பாதி உண்மை எழுதியிருக்கும் தாளைக் கண்டால் உடனே தெரிந்துவிடும். நீ கனி அண்ணனிடம் வீட்டை விட வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. "விவாகரத்து ஆனதுலருந்து அவளுக்கு மனசு சரியில்ல, தனியா இருந்தா ஏதாச்சும் பண்ணிக்குவா" என்று சொன்னாய். அந்த மனிதர் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதம்மா, நீ நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்காகத்தான் மறுநாளே கிளம்பினேன்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், லைன்தான் நன்றாக இல்லை. மலை மறைக்கிறது. கம்பி வழி இன்டர்நெட் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. வீட்டில் போனுக்கு ஒரு புள்ளி கிடைப்பது குளியலறை வாசலில் மட்டும்.

இனி எழுதுவதை நிதானமாகப் படி. என் கம்பெனி ஆபீஸைக் கோலாலம்பூருக்கு மாற்றுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் ஏப்ரல் 30க்குள் லைன் போதும் என்று காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு மூன்று தரம் வேகத்தை அளந்து படம் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் கோலாலம்பூருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். வேலை போனால் இந்த வீடு போகும். வீடு போனால் எனக்கு உன் வீட்டு அறைதான். நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு வாசல் இருக்கிறது அண்ணே. அதை விட மாட்டேன்.

வெளியே மாட்டுகிற மோடம் ஒன்று வாங்கியிருக்கிறேன். புத்தகம் அளவுக்கு வெள்ளைப் பெட்டி. உள்ளே சிம் கார்டு போட்டு உயரத்தில் கட்டினால், தூரத்து டவரிலிருந்து லைனை இழுத்துக் கேபிள் வழியாக வீட்டுக்குள் இறக்கும். மழை வெயில் எல்லாம் தாங்குமாம். அதற்கு இருபது அடிக் கம்பம் வேண்டும். எவ்வளவு தடிமன் குழாய், அடித்தளத்துக்கு எவ்வளவு சிமெண்டு என்று எழுது, நானே ஆள் வைத்துக்கொள்கிறேன். நீ இங்கே வராதே. இப்போது வராதே.

சுபாஷினி


ஜுரு, பட்டறை
5 ஏப்ரல் 2025

சுபா,

இரும்புக்காரனைக் கூடப்பிறந்தவனாக வைத்துக்கொண்டு கம்பத்துக்கு வெளியில் ஆள் தேடுகிறாளாம்! நல்ல கதை. ஹாரி ராயா பெருநாள் லீவு முடிந்து ஹாஃபிஸ் வந்ததும் கம்பத்தை லோரியில் ஏற்றிவிட்டேன். நீ வராதே என்று சொன்னதால் நான் வரவில்லை. ஹாஃபிஸே நட்டுக் கொடுப்பான். மூன்று அங்குலக் குழாய், துருப்பிடிக்காத பூச்சு. யானை வந்து சாய்ந்தாலும் அசையாது.

உச்சியில் ஒரு பெட்டி இருக்கும் பார், அதை நானே செய்தேன். இரண்டு நாள் ஆனது. அந்தப் பக்கத்துக் குரங்கைப் பற்றி உனக்குத் தெரியாது. கேபிளைப் பிடித்து ஊஞ்சல் ஆடும், பிளாஸ்டிக்கைக் கண்டால் கடித்துத் துப்பும். உன் மோடத்தை ஹாஃபிஸ் இந்தப் பெட்டிக்குள் வைத்து மாட்டுவான். ஆறு பக்கமும் எவர்சில்வர் தகடு, காற்றுக்குச் சின்னச் சின்னத் துளை. குரங்கின் சுண்டுவிரல் கூட நுழையாது. மேலே கூரை, முன்னால் கதவு, கதவுக்குப் பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

கனி அண்ணன் விஷயத்தை நேரில் பேசலாம். எழுத வரவில்லை.

லைன் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அறை இருக்கிறது.

கோகிலன்


பாலிக் புலாவ்
5 ஏப்ரல் 2025

அண்ணே,

ஹாஃபிஸ் லோரியைத் திருப்புவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். கம்பம் நின்றுவிட்டது. பெட்டி வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. கனி அண்ணன் கீழே நின்று பார்த்துவிட்டு, "மோடத்துக்கே இம்மாம் பெரிய மாளிகையா!" என்றார். நன்றி. மனதாரச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கம்பத்தின் உச்சியில் இருக்கும் பூட்டுக்கு ஜுருவில் எதற்கு ஒரு சாவி?

சுபா


சுங்கை பினாங்
9 ஏப்ரல் 2025

சுபா,

சாவியைத் தாளோடு டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். எடுத்துக்கொள்.

நேரில் பேசலாம் என்று எழுதினேன். நேரில் வந்தால் சத்தம்தான் போடுவேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். ஆகவே எழுதியே தொலைக்கிறேன். நீ வந்த புதிதில் பதினோரு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாத்ரூமுக்குள் போனால் ஒரு மணி நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே ஏதாவது பண்ணிக்கொள்வாயோ என்று கதவுக்கு வெளியிலேயே நிற்பேன். ஒரு நாள் நீ கோயிலுக்குப் போயிருந்தபோது அந்தக் கதவின் உள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். நீ கேட்டதற்குத் துருப்பிடித்துவிட்டது என்று சொன்னேன்.

அந்த பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. நீ தேறிவிட்டாய், நான் தேறவில்லை. கனி அண்ணனிடம் பேசியது அந்த பயம்தான். ஆனாலும் வாய் என்னுடையதுதானே. உன்னைப் பற்றி ஊராரிடம் அப்படிச் சொன்னது தப்பு.

லைன் வந்துவிட்டதா?

கோகிலன்


பாலிக் புலாவ்
19 ஏப்ரல் 2025

அண்ணே,

தாழ்ப்பாள் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். நீ அடித்த ஆணியில் ஒன்றாவது துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. தெரிந்தும் கேட்காமல் இருந்தேன். நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன், மனம் கொஞ்சம் லேசானது.

லைன் வரவில்லை. பதினான்கு நாளாகக் கம்பத்தோடு மல்லுக்கட்டுகிறேன். மோடத்தில் ஐந்து புள்ளி எரிய வேண்டும், ஒன்று எரிகிறது, சில வேளை அதுவும் இல்லை. திசை மாற்றினால் வரும் என்று விற்றவர் சொன்னதால், கனி அண்ணன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் எண்ணைப் படிக்க, நான் அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்திக் குழாயை விரல் விரலாகத் திருப்பினேன். மலையைப் பார்க்க, கடலைப் பார்க்க, பள்ளிவாசலைப் பார்க்க என்று ஒரு திசை விடவில்லை. "எறங்குதும்மா… இன்னும் எறங்குதும்மா" என்று அவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மனிதருக்கே குரல் கம்மிவிட்டது. விற்றவரிடம் மறுபடி கேட்டேன். "உங்க எடமே செத்த எடம் அக்கா, அங்க டவர் எட்டாது" என்று முடித்துவிட்டார்.

அதனால் 28ஆம் தேதி வேலையை விடுவதாகக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 30ஆம் தேதி வீட்டுச் சாவியைக் கனி அண்ணனிடம் ஒப்படைக்கப் போகிறேன். கோலாலம்பூர் எனக்கு வேண்டாம். சுங்கை பினாங்குக்கே வருகிறேன். அண்ணியிடம் சொல். பின்னால் பினாங்கில் வேறு வேலை பார்க்கலாம்.

உன் மேல் கோபம் இல்லை. நீ செய்த கம்பம் போன வாரக் காற்றுக்குக் கூட ஆடவில்லை. இடம் சரியில்லாததற்கு நீ என்ன செய்வாய்? ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே காலையில் கதவைத் திறந்து வெளியே போகும்போது, எங்கே போகிறாய் என்று கேட்க யாரும் இல்லை. சும்மா ரோட்டு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவேன். இரண்டு மாதம் அப்படி இருந்தேன். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

சுபா


ஜுரு, பட்டறை
24 ஏப்ரல் 2025

சுபா,

இந்தக் கடிதத்தோடு ஹாஃபிஸ் இரும்பு அறுக்கும் கிரைண்டரும் கொண்டு வருகிறான். படிப்பதற்கு முன்னாலேயே அவனைக் கம்பத்தில் ஏறச் சொல். உச்சியில் இருக்கிற பெட்டியை அறுத்து எறியட்டும். மோடத்தை வெறும் கம்பத்தில் கட்டு. இனிமேல் படி.

உன் கடிதம் திங்கட்கிழமை காலையில் வந்தது. பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். உன் அண்ணி உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள். அன்று மத்தியானம் ஹாரிஸ் வந்தார். சிசிடிவி மாட்டுகிறவர், என்னிடம்தான் இரும்பு வேலை கொடுப்பார். உனக்குச் செய்த பெட்டி எனக்கே பிடித்துப்போய், விற்கலாம் என்று இன்னொன்று செய்து வைத்திருந்தேன். பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, சுத்தி இரும்பு வெச்சா உள்ள லைன் எப்படிலா போகும்? இது பெட்டி இல்ல, சமாதி!" என்றார்.

நான் நம்பவில்லை. என் போனைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஹாஃபிஸைக் கூப்பிடச் சொன்னேன். அடிக்கவில்லை. கதவைத் திறந்தேன், அடித்தது. சாத்தினேன், நின்றது. பத்துத் தரம் செய்து பார்த்தேன். உன் இடம் செத்த இடம் இல்லை சுபா. நான்தான் கொன்றேன். குரங்குக்கு பயந்து லைனையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

இது தெரிந்தது திங்கட்கிழமை. இன்றைக்கு வியாழன். இடையில் இருக்கிற நாட்களுக்கு என்ன கணக்கு என்று நீ கேட்பாய். கிளைம் பார்க்கிறவள், கேட்காமல் விடமாட்டாய். கனி அண்ணனுக்குப் போன் போட எனக்கு முகம் இல்லை என்று ஒரு காரணம் சொல்லலாம். நீ வராதே என்றாய் என்று இன்னொன்று சொல்லலாம். இரண்டும் பொய். ஹாஃபிஸ் தினமும் அந்தப் பக்கம் போகிறான்.

நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நீ தானாக வீட்டுக்கு வந்துவிடுவாய், என் மேல் கோபமும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்றுச் சாப்பிடும்போது உன் அண்ணி, "பாவங்க அவ, எவ்ளோ ஆசையா போனா" என்றாள். அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். இருபது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நீ வீட்டுக்கு வர வேண்டும் என்றுதான் இப்போதும் ஆசை. அதை மறைக்கவில்லை. ஆனால் இப்படி வந்தால், தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்?

குரங்கு கடிக்காமல் இருக்கக் கேபிளுக்குப் பிளாஸ்டிக் குழாய் அனுப்பியிருக்கிறேன். என் பட்டறையிலிருந்து பிளாஸ்டிக் வெளியே போவது இதுதான் முதல் தடவை. இன்றைக்கே மாட்டினால் நாளையிலிருந்து மூன்று நாள் அளக்கலாம். நேரம் இருக்கிறது.

என்ன திட்ட வேண்டுமோ திட்டு.

கோகிலன்


பாலிக் புலாவ்
1 மே 2025

அண்ணே,

இன்றைக்கு லீவு. உன் நம்பரைத் திறந்துவிட்டேன், லைனும் இருக்கிறது. இருந்தாலும் இதை எழுதத்தான் தோன்றியது. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிடுவோம்.

ஹாஃபிஸ் ஏறி அறுத்தான். தீப்பொறி துரியான் மரம் வரைக்கும் தெறித்தது. மோடத்தை வெறும் கம்பத்தில் கட்டி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்த கனி அண்ணன் "ஏறுதும்மா! ஏறுதும்மா!" என்று கத்தினார். நான்கு புள்ளி. மூன்று நாளும் அளந்து அனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானம் அளக்கும்போது ஒரு குரங்கு வந்து மோடத்தின் தலையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டது. வேகம் ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. நேற்றுக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலை இருக்கிறது. வீடும் இருக்கிறது.

இப்போது அந்தத் திங்களிலிருந்து வியாழன் வரைக்குமான கணக்குக்கு வருகிறேன். அந்த வரியைப் படித்தபோது கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். திங்கட்கிழமை உனக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அழுதேன். நீ டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன்னை மன்னிக்க முடியாது என்றுதான் நினைத்தேன், அண்ணே.

இரண்டு நாள் கழித்துக் கசக்கின தாளை எடுத்து நீவிப் படித்தேன். நீ சொல்லாமலே இருந்திருந்தால் எனக்குச் சாகிற வரைக்கும் தெரிந்திருக்காது. பெட்டியைக் குப்பையில் போட்டிருப்பேன், இடத்தைக் குறை சொல்லியிருப்பேன், உன் வீட்டில் இருந்துகொண்டு உனக்கு நன்றி கூடச் சொல்லியிருப்பேன். நீ விரும்பினது அத்தனையும் உன் கைக்கு வந்துவிட்டது. அதை நீயே திறந்து விட்டாய். சின்ன வயதிலிருந்து எனக்காக எவ்வளவோ செய்திருக்கிறாய். அதெல்லாம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகச் செய்தது. என்னைப் போக விடுவதற்காக நீ செய்தது இது ஒன்றுதான். இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிறேன் என்று உனக்கு எழுதி முடித்த கையோடு நன்றாகத் தூங்கினேன். இனிமேல் எதற்கும் நான் தைரியமாக இருக்க வேண்டாம், எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்கு பயம் வந்தது. உன்னிடம் மட்டும் இல்லை கோளாறு.

கனி அண்ணனிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். அவர், "வரட்டும்மா, அண்ணன்னா பயம் இருக்கத்தான் செய்யும்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு வா. மீன் குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிட வேண்டும். தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது கையில் எதையாவது தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்குக் கேட் என்று லோரியை நிரப்பாதே. இங்கே எல்லாம் இருக்கிறது.

வெறுங்கையோடு வா, அண்ணே. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

சுபா